கேதம் சொல்ல யார் போவது?

மேடை ஏறினால் எனக்குக் குரல் வராது என்பது இந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா டீச்சரோடு காலமெல்லாம் வேலை பார்த்தவர்கள் இருக்கும்போது, மூன்று வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்த நான் இந்த அஞ்சலியை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது.

டீச்சர் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். வந்துவிடுவார் என்றுதான் நாமெல்லாம் பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மானகிரியில் எங்கள் வீட்டு முன்னால் சைக்கிள் மணி கேட்டது. பாண்டி ஓட்டி வந்திருந்தான், பின்னால் செல்வராசு. இருவரும் டீச்சரிடம் படித்தவர்கள். "உள்ள வாங்கப்பா" என்றேன். வரவில்லை. சாவுச் செய்தியை, கேதத்தை, சொல்ல வருகிறவர்கள் எங்கள் பக்கம் வாசலைத் தாண்டுவதில்லை. அவர்கள் வெளியே நின்ற விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நம்ம டீச்சர் போயிட்டாக" என்றான் பாண்டி. செல்வராசு கேரியரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த இருவரும் ஒரே சைக்கிளில் வந்ததன் அர்த்தம் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் வேலைக்கு வந்த வருடம் பதினொன்றாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் ஜன்னல் பக்கம், சைக்கிளில் வருகிறவர்கள் சுவர்ப் பக்கம். பஸ் செட்டு, சைக்கிள் செட்டு என்றுதான் சொல்வோம். உண்மையில் அவர்களைப் பிரித்தது எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லத்தான் பயம். பஸ்ஸின் பின்கண்ணாடி உடைந்தது. ஒரு பையன் கையில் கட்டோடு வந்தான். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். "வம்புல போய் நிக்காதத்தா" என்று அப்பா தினமும் சொல்லி அனுப்புவார். சாக்பீஸை எடுத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் நூலகப் பாடவேளைக்கு ஒரு நாவலை எடுத்தார். அட்டை கிழிந்த பழைய ஆங்கிலப் புத்தகம். ஏதோ ஓர் அயல்நாட்டு ஊரில் இரண்டு கூட்டமாக நின்று அடித்துக்கொள்ளும் பையன்களின் கதை.

அப்போதிருந்த தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். "அடிதடிக் கதைய எதுக்கு டீச்சர் எடுக்குறீக? அவய்ங்களுக்கு இன்னும் வேற சொல்லித் தரணுமாக்கும்?"

"அடிக்கிறது அவய்ங்களுக்குத் தெரியாததா சார்? முடிவு மட்டுந்தேன் தெரியாது" என்றார் டீச்சர்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கடைசி பெஞ்சுல வந்து உக்காருத்தா. பேச வேணாம். சும்மா இரு, போதும்" என்றார்.

போய் உட்கார்ந்தேன். சுவர்ப் பக்கக் கடைசி பெஞ்சு, பாண்டிக்கு அடுத்த இடம். அந்த வாரம் முழுக்க அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். பஞ்சர் என்று சொன்னான். நான் காலை நகர்த்தியபோது அவன் பை சரிந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய சைக்கிள் செயின். எண்ணெய்க் கறை தாளில் ஊறியிருந்தது. கத்தினால் என்ன ஆகும், கத்தாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல் டீச்சரையே பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், பையைப் பார்த்தார். வாசிப்பை நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் அதற்கு விளக்கம் என்று அதே குரலில் போய்க்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"இந்தக் கதையில ஒரு பையன் செத்துப்போவான். இப்பவே சொல்லிடுறேன். அவங்க வீட்டுக்குக் கேதஞ் சொல்ல யாருடா போறது?"

யாரும் பேசவில்லை.

"அவன் செட்டுப் பயக போகக் கூடாது. எதிர் செட்டுலருந்துதான் போகணும். பாண்டி, எந்திரி. செத்தது செல்வராசுன்னு வச்சுக்க. வாசல்ல அவங்க அம்மா நிக்கிறாங்க. போய்ச் சொல்லு."

"நடந்துதான் போகணும் டீச்சர், அவன் வண்டி பஞ்சரு" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. சுவர்ப் பக்கத்தில் இரண்டு பேர் சட்டென்று எழுந்தார்கள். இதோ ஆரம்பித்துவிட்டது என்று நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் அசையவில்லை. "சொல்லு பாண்டி" என்றார், முன்னைவிட மெதுவாக.

பாண்டி கதவு வரை போய் நின்றான். வாயைத் திறந்தான். மூடினான். சிரிப்பு தானாக நின்றது.

"சொல்ல வராது டீச்சர்" என்றான். "பஸ் ஸ்டாப்புல அவுக அம்மா கையால பணியாரம் தின்னுருக்கேன்."

செல்வராசு டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலையில் தனித்தனியாகத்தான் போனார்கள். ஆனால் மறுநாள் காலை பாண்டி சைக்கிளை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தான். செயின் அதன் இடத்தில் இருந்தது.

முதல் நாள் அந்த வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தபோது டீச்சரால் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சேலையில் சிந்தியது. "எனக்குப் பயமில்லைன்னா நெனச்ச? ஓடுறதுக்கு வாகா கதவுக்கிட்டதான நின்னேன்" என்று சிரித்தார். அப்புறம் சொன்னார்: "பயமா இருந்தா சத்தத்தக் கூட்டாத. குறைச்சு வாசி. என்ன சொல்றாகன்னு அவய்ங்க குனிஞ்சு கேப்பாய்ங்க."

அன்று அறையில் யாருக்கும் வராத வாக்கியத்தை, மூன்று வருடம் கழித்துப் பாண்டி எங்கள் வாசலில் நின்று சொன்னான். அதுவும் டீச்சருக்காக.

அவரிடமிருந்து எனக்கு வந்தவை அந்த அட்டை இல்லாத புத்தகமும், குரலைக் குறைத்து வாசிக்கும் பழக்கமும்தான். தைரியம் வரவில்லை. வரும் திங்கட்கிழமை முதல் அவருடைய பதினொன்றாம் வகுப்பு என்னுடையது. இப்போதும் ஜன்னல் பக்கம் ஒரு கூட்டம், சுவர்ப் பக்கம் ஒரு கூட்டம். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நடந்ததும், ஒரு பையனின் தலையில் தையல் போட்டதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த நாவலைத்தான் எடுக்கப் போகிறேன். டீச்சர் கேட்ட கேள்வியைக் கேட்டும்விடுவேன். கேட்ட பிறகு வருமே ஓர் அமைதி, அதில் தனியாக நிற்க என்னால் முடியாது.

பாண்டி, செல்வராசு, இதை நீங்கள் படித்தால், அல்லது அன்று அந்த வகுப்பில் இருந்த வேறு யார் படித்தாலும், ஒருவராவது திங்கட்கிழமை நூலகப் பாடவேளைக்கு வாருங்கள். எதுவும் பேச வேண்டாம். கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் போதும்.