அணைக்கக் கூடாத பல்பு

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. மின்கம்பி எட்டாத சக்லேஷ்பூர் மலைவீடு ஒன்றுக்கு நாளை போகவேண்டிய குட்டி நீர்மின் இயந்திரத்தை, தொட்டித் தண்ணீரைப் பம்பால் பாய்ச்சிச் சோதிக்கிறார் ஆம்பூர்க்காரர் முருகேசன். சக்கரம் சுழல, சுவரில் பல்பு எரிகிறது. பட்டப்பகலில் எதற்கு என்று, வேடிக்கை பார்க்க வந்த நான் வீட்டுப் பழக்கத்தில் ஸ்விட்சை அணைக்கிறேன். சக்கரம் வெறிபிடித்ததுபோல் அலறுகிறது. அவர் பாய்ந்துவந்து மறுபடி போடுகிறார்.

"அணைக்கக் கூடாது சார். பல்பு இழுக்கிற லோடு இல்லன்னா தறிகெட்டுச் சுத்தி டைனமோ போயிடும். அந்த மலைவீட்டுல பகல்லயும் எரியவிடுவாங்க."

"வீண்தானே?"

"என்ன வீண்? ஓடைத் தண்ணி சக்கரத்தைச் சுத்திட்டு ஓடைக்கே திரும்பிப் போயிடுது."

பல்புக்கடியில் உட்கார்ந்து, அவர் தந்த டீயை நிதானமாகக் குடிக்கிறேன். புறப்படும்போது என் கை தானாக ஸ்விட்ச் பக்கம் போகிறது. முருகேசன் பார்க்கிறார். கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன்.