இருபது என்று எழுதினேன்

முதல் அறிகுறி வலி இல்லை. சிறுநீர் வருவதாக உடம்பு சொல்வதை நிறுத்தியதுதான்.

காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைவேன். மதியம் இரண்டுக்கு வேலை முடியும்போது, இன்று ஒருமுறைகூடக் கழிவறைக்குப் போகவில்லை என்பது நினைவுக்கு வரும். முன்பெல்லாம் பத்து மணிக்கே அடிவயிறு கனக்கும். “இந்தக் கட்டிலை முடித்துவிட்டுப் போகலாம்” என்று தள்ளிப்போடுவேன். அப்படியே பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதில் அதற்கே அலுத்துப்போய்விட்டது போலும். கூப்பிடுவதை விட்டுவிட்டது.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். தாதிகளான நாங்கள் இரண்டையும் அடக்கினோம்.

ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பெயர் தேவிகா. வீடு கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில். தினமும் பாலம் தாண்டி வர வேண்டும். எங்கள் வார்டில் முப்பது கட்டில்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய ஷிப்டில் இரண்டு பேர் இருப்போம். ஒருத்தி எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துவிட்டால், காலை வந்தவளே இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். அதற்கு ‘டபுள்’ என்று பெயர்.

ஒருமுறை நோயாளியின் மகன் ஒருவன் சிறுநீர்ப் போத்தலை என்மீது வீசினான். மூடியிருந்த போத்தல்தான், தோளில் பட்டது. மேலிடத்தில் என்னிடம் ஒரு கடிதம் கேட்டார்கள். வீசியவருக்குக் கோபம் வரும்படி நான் என்ன செய்தேன் என்று விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இதை வாசிப்பவர் தாதியாக இருந்தால் அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்த விஷயம். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிக்கு இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, காய்ச்சல், மூச்சு பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் கருவி உண்டு. மூச்சுக்கு எங்களிடம் கருவி இல்லை. கட்டிலருகே நின்று, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். முப்பது பேருக்கு முப்பது நிமிடம். அந்த அரை மணி நேரம் எங்களிடம் இல்லை. அதனால் எல்லோருக்கும் இருபது என்று எழுதுவோம். இருபது என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கள் வார்டில் கிழவர், இளைஞர், ஆஸ்துமாக்காரர் எல்லோரும் நிமிடத்துக்கு இருபது முறை ஒழுங்காக மூச்சு விட்டார்கள்.

பதினேழாம் கட்டிலில் இருந்தவரை சாமிக்கண்ணு அங்கிள் என்று வைத்துக்கொள்வோம். நிபோங் திபாலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரலில் சளி. நான் ஊசி போட்டால்கூட “தேங்க்யூ மிஸ்ஸி” என்று சொல்லும் ஆள். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் சாந்தி பக்கத்திலேயே இருந்தார்.

அன்று எனக்கு டபுள். பிற்பகல் நான்கு மணிச் சுற்றில் அவர் விரலில் கிளிப் மாட்டினேன். ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றைந்து. பரவாயில்லை. மூச்சுக்கு இருபது என்று எழுதினேன். எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்தேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். பார்த்த நினைவு இல்லை.

அதற்குப் பிறகு சாந்தி மூன்று முறை வந்து கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, அப்பாக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

“வரேன்கா, வரேன்.”

மூன்று முறையும் அதையே சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை. ஒன்பதாம் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டில் டிரிப் (நரம்பில் ஏற்றும் திரவம்) நின்றுபோயிருந்தது. ஆறு மணிக்கு நான் போனபோது அங்கிளின் உதடு நீலமாக இருந்தது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் இறந்துபோனார்.

செய்தி வந்தபோது நான் கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அழுகை வராததுகூடப் பரவாயில்லை. அழுகை வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

சாந்தி புகார் கொடுத்தார். விசாரணைக்கு முன் எங்கள் வார்டு சிஸ்டர் (வார்டுக்குப் பொறுப்பான மூத்த தாதி) என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார்ட் நல்லா இருக்கு தேவிகா. நாலு மணிக்கு எல்லாமே நார்மல். சார்ட் பேசும், நீ வாயத் தொறக்காத. சரியா?”

திறக்கவில்லை. மேசையில் சார்ட்டை விரித்து வைத்தார்கள். நான்கு மணி, மூச்சு இருபது, கீழே என் கையெழுத்து. நான்கு மணியிலிருந்தே அப்பா இழுத்து இழுத்து மூச்சு விட்டார் என்று சாந்தி திரும்பத் திரும்பச் சொன்னார். பதற்றத்தில் குடும்பத்தாருக்கு அப்படித் தோன்றுவது சகஜம்தான் என்று ஒரு அதிகாரி மிகவும் கனிவாக எடுத்துச் சொன்னார். அந்தக் கனிவைக் கேட்டு சாந்தி பேசுவதை நிறுத்திக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதங்கள் கழித்து எனக்குக் குளிர் எடுத்தது. இடுப்புக்கு மேல் முதுகில் ஒரு பக்கம் வலி. எம்.சி. கேட்டேன். “இப்ப வேணாம்லா, ஆளே இல்ல. பெனடால் போட்டுட்டு வா. அடிக்கடி எம்.சி. போட்டா உன் மார்க்குதான் போகும்” என்று சிஸ்டர் குரல் செய்தி அனுப்பினார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆள் இல்லாததற்கு அவர் மேலே பதில் சொல்ல வேண்டும். பெனடால் மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் போனேன். நான்காம் நாள், கழிவுப் பாத்திரங்கள் கழுவும் அறையில் தரையில் கிடந்தேனாம். துப்புரவு செய்யும் காக்காக் (மலாய் மொழியில் அக்கா) தான் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

பைலோநெஃப்ரைடிஸ் (சிறுநீர்ப் பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்ட கிருமித் தொற்று) என்றார்கள். அதே கட்டடத்தில் இரண்டு மாடிக்கு மேலே, பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். இருபத்து மூன்று வயது இருக்கும், ஷாலினி என்ற பெண் எனக்கு மிஸ்ஸி. கையில் பட்டையைச் சுற்றினாள். காய்ச்சல் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சார்ட்டில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று தலையைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை. பேனா அசைந்த விதத்திலேயே இருபது என்று தெரிந்தது.

“டபுளா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“இந்த வாரத்துல மூணாவதுக்கா,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சுவரில் கடிகாரம் இருந்தது. வேறு வேலை இல்லாததால் என் மூச்சை நானே எண்ணினேன். முப்பத்திரண்டு. காய்ச்சலோடு முப்பத்திரண்டு என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து எண்ணினேன். முப்பத்தாறு.

நான் யாரையும் கூப்பிடவில்லை.

இந்தத் தவறை வேறு தொழிலில் இருப்பவர் செய்வாரா என்று தெரியவில்லை. நான் சொன்னால் டாக்டர் சார்ட்டைப் பார்ப்பார். அதில் இருபது இருக்கும். ஷாலினியிடம் விளக்கக் கடிதம் கேட்பார்கள். பாவம், மூன்றாவது டபுள். நான்கு மணிச் சுற்றில் அவளே பார்த்துவிடுவாள், அதுவரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கட்டில்காரியின் மூச்சை எண்ணுவதுபோலத்தான் என் மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அது யாருடைய உடம்பு என்பதே எனக்கு உறைக்கவில்லை.

நான்கு மணிச் சுற்றிலும் இருபதுதான்.

நாலரைக்கு என் கணவர் குணா வேலையிலிருந்து நேராக வந்தார். என்னைப் பார்த்தார். வெளியே போனார். நடைபாதையில் அவர் குரல் கேட்டது.

“மிஸ்ஸி, என் வைஃபுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

“வரேண்ணே, வரேன்.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போனார். மறுபடியும் “வரேண்ணே, வரேன்.” மூன்றாவது முறை குணா கேட்கவில்லை. அந்தப் பக்கம் போன ஒரு டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். பாதுகாவலர் பின்னாலேயே ஓடி வந்தார்.

செப்சிஸ் (கிருமி இரத்தத்தில் கலந்து எல்லா உறுப்புகளையும் பாதிக்கத் தொடங்கும் நிலை). இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார். எட்டு நாட்கள் தீவிர சிகிச்சையில் இருந்தேன். கண் விழித்துப் பேச முடிந்த அன்று குணா கேட்டார்:

“நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நீயே மிஸ்ஸிதானே?”

சாமிக்கண்ணு அங்கிளின் மகள்தான் நினைவுக்கு வந்தார். அவரும் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். மரியாதை தெரிந்தவர். மிஸ்ஸி வருவதாகச் சொன்னாரே என்று காத்திருந்தார்.

மனநல மருத்துவர் என்னிடம் பேசினார். இது பர்ன்அவுட் (வேலை ஆளைத் தின்று தீர்த்த பிறகு மிஞ்சுகிற வெறுமை) என்றார். கடைசியாக எப்போது அழுதீர்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுநீர்ப் பைக்கும் ஒரு பயிற்சி சொன்னார்கள். உணர்வு வராவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொண்டேன். நாற்பத்தொரு வயதில், கழிவறைக்குப் போக போன் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுப்பில் வீட்டில் இருந்தபோது ஒரு பழக்கம் வந்தது. குணா சோபாவில் தூங்கும்போது அவர் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுவேன். பதினான்கு. ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் எழுந்து போய் ஒருவரைக் கூப்பிட்டு வந்துவிடலாம்.

ஒரு நாள் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். பதினேழாம் கட்டில் நோயாளிக்கு அன்று நான் மூச்சை எண்ணவில்லை, இருபது என்பது நானாக எழுதியது, முப்பது பேருக்கு அன்று இரண்டே பேர் இருந்தோம், எல்லாமே உண்மை என்று எழுதினேன். சிஸ்டர் உடனே அழைத்தார்.

“பைத்தியமா உனக்கு? லைசன்ஸ் போய்டும். செத்தவரு திரும்பி வரப்போறாரா?”

“வரமாட்டாரு சிஸ்டர். அவர் மகள் பொய் சொல்லல, அத மட்டும்தான் எழுதிருக்கேன்.”

விசாரணை மறுபடியும் நடக்கிறது. முடிவு வரவில்லை. தொழில் இருக்குமா தெரியாது. குணாவின் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. உங்களுக்கும் இப்படி எழுத வேண்டும் என்று தோன்றினால் நான் ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு கூப்பிடுவதை நிறுத்துகிற அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பெனடால் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கடிதம் பற்றித் தெரிந்த பிறகு சாந்தி என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குணா கூட்டிக்கொண்டு போனார். நிபோங் திபாலில் ஒரு வரிசை வீடு. குணா காரிலேயே இருந்தார். சாந்தி கேட்டைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. சுவரில் அங்கிளின் படம், மாலையோடு.

“அன்னிக்கு எத்தன இருந்திருக்கும் மிஸ்ஸி?”

“தெரியாதுக்கா. நான் எண்ணல.”

“நான் எண்ணுனேன்,” என்றார் சாந்தி. “போன்ல டைம் வச்சு ஒரு நிமிசம் எண்ணுனேன். முப்பத்தெட்டு. அதச் சொல்லத்தான் மூணாவது வாட்டி வந்தேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது ஏற்றுக்கொண்டதா, போதும் என்றதா தெரியவில்லை. “இருட்டப் போகுது, கெளம்புங்க,” என்றார். கேட்டை மூடிக்கொண்டார்.

காரில் ஏறினேன். குணா வண்டியை எடுத்தார். சாலையின் இரு பக்கமும் செம்பனை மரங்கள். கொஞ்ச தூரம் போனதும் அடிவயிற்றில் ஒரு கனம். என்னவென்று முதலில் புரியவில்லை. போனைப் பார்த்தேன். அலாரம் அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இன்னும் பத்து நிமிடத்தில் வீடு வந்துவிடும். அடக்கிக்கொள்ளலாம். பழகிய உடம்புதான்.

“குணா, அந்த பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்துங்க,” என்றேன். “இப்பவே.”