இடப்பக்கத்து மூச்சு

எனக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் கற்றது. தலையைத் தூக்கிக்கொண்டு கையையும் காலையும் அடித்து எப்படியும் படிக்கு வந்துவிடுவேன். போட்டிக்கு அது ஆகாது. முகம் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்க வேண்டும். நாற்பது தாண்டிய பிறகுதான் அதைப் பழகினேன்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர் நான். முதுகு வலிக்காக நல்லூர்ப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். ஷிப்டுக்கு முன்னால் காலையில் பெண்களுக்கு ஒரு மணி நேரம். சொல்லிக்கொடுக்கும் பெண் தூத்துக்குடிக்காரி, சின்ன வயசு. மூத்தோர் போட்டிக்கு ஒரு பெண்கள் ரிலே அணி அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நாலு பேர், ஆளுக்கு ஐம்பது மீட்டர், குளத்தில் ஒரு தடவை போய்த் திரும்பும் தூரம். மூன்று பேர் இருந்தார்கள். வயதும் நீச்சலும் சேர்ந்த நாலாவது ஆள் நான் ஒருத்திதான். நான் நிற்காமல் ஐம்பது மீட்டர் போனால் அணி உண்டு. இல்லையென்றால் இல்லை.

அந்த மூன்று பேரில் ஒருவர் ஒரு கம்பெனி முதலாளியம்மா. என்னிடம் கேட்டார்.

"நடுவால நின்னுர மாட்டீங்கல்லங்க?"

"நிக்க மாட்டேனுங்க" என்றேன்.

நின்றேன். தினமும் பாதியில் நின்றேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி வரும், தடம் பிரிக்கக் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துவிடுவேன். போட்டியில் கயிற்றைப் பிடித்து இழுத்தால் அணியே வெளியே.

சொல்லிக்கொடுக்கும் பெண் குளத்து ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏக்கா, உங்க மூஞ்சிகிட்ட ஒரு குமிழி கூட வரல. மூச்ச உள்ளயே வச்சிக்கிட்டு என்ன செய்திய?"

"தண்ணிக்குள்ள மூச்சு உட்டா தண்ணி ஏறாதா கண்ணு?"

"விடாட்டிதான் ஏறும். திரும்புற நேரத்துல வாங்க மட்டுந்தான் முடியும். விட்டுட்டு வாங்க நேரம் கெடையாதுக்கா. உள்ள இருக்கும்போதே விட்டுரணும்."

புத்திக்கு ஏறியது. உடம்புக்கு ஏறவில்லை. முகம் தண்ணீரில் பட்டதும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது.

காரணம் கம்பெனியில் தெரிந்தது. சாயங்காலம் மெஷின் துடைக்கிற நேரத்தில் ஏர் அடிப்போம். காற்றுக் குழாயை வைத்து அடித்தால் மெஷினில் அடைந்த பஞ்சுத் தூசி எல்லாம் கிளம்பும். அப்போது லைனில் ஒருத்தரும் மூச்சு விடமாட்டோம். வாயை மூடி, நெஞ்சை இறுக்கி, தூசி அடங்கிய பிறகுதான் விடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. பனியன் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் வரும். அன்று குழாய் என் கையில் இருக்கும்போது நெஞ்சு இறுகியதைக் கவனித்தேன். குளத்தில் நான் செய்வதும் இதுதான்.

மறுநாள் குளத்தில் அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப தண்ணியப் பஞ்சுன்னு நெனச்சிட்டியளாக்கா! சரி, உள்ள போனதும் ம்ம்னு முனங்குங்க. முனங்கினா மூச்சு தன்னால வெளிய வரும்."

குளத்தில் கிடைப்பது ஒரு மணி நேரம். மெஷினில் உட்காருவது நாள் முழுக்க. அதனால் மெஷினிலேயே பழகினேன். சைடு அடிப்பது, அதாவது பக்கத் தையல் போடுவது, என் வேலை. டீசர்ட்டின் கீழ் ஓரத்தில் தொடங்கி, அக்குள் வழியாகக் கை முனை வரை ஒரே ஓட்டம். அந்த ஓட்டம் முழுக்க வாயை மூடி ம்ம் என்று விட்டேன். அடுத்த பீஸ் இடப்பக்கம் இருக்கும். எடுக்கத் தலை திரும்பும். அங்கே வாயால் ஒரு மூச்சு. மறுபடி மிதி, மறுபடி ம்ம்.

பக்கத்து மெஷின்காரி முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்கக்கா, வகுத்துக்குள்ள வண்டு கிண்டு பூந்துருச்சுங்களா?"

பின்னாலிருந்து ஒருத்தி: "இல்ல புள்ள, அக்கா ரெண்டாவதா ஒரு மோட்டார் மாட்டியிருக்குது."

சூப்பர்வைசர் வந்து நின்று பக்கத்து மெஷின்காரியிடம் கேட்டார். "புரொடக்‌ஷன் கொறையலீல்ல? உடு, முனகட்டும்" என்று போய்விட்டார்.

குளத்தில் அந்தப் பெண் எல்லோருக்கும் வலப்பக்கம் திரும்பத்தான் சொல்லியிருந்தாள். எனக்கு வலப்பக்கம் கழுத்து தடுமாறியது. "எனக்கு இடப்பக்கந்தான் வருது கண்ணு" என்றேன். "அதுக்கென்ன, இடப்பக்கமே வாங்குங்க. சட்டமா போட்டிருக்கு?" என்றாள். திரும்பினேன். பீஸ் எடுக்கிற அதே திருப்பம். குமிழி வந்தது. அடுத்த வாரம் நிற்காமல் போய் வந்தேன்.

போட்டி கோயம்புத்தூரில் நடந்தது. எங்க வீட்டுக்காரர் வீரபாண்டியில் சாயப்பட்டறையில் வேலை. லீவு போட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் கடைசி ஐம்பது மீட்டர். முதலாளியம்மா சுவரைத் தொட்டதும் குதித்தேன். குதிப்பதில் எனக்குப் பயமில்லை.

போகும்போது நன்றாகப் போனேன். திரும்பி வரும்போது பக்கத்துத் தடத்து அலை வாயில் அடித்தது. நெஞ்சு பழையபடி பூட்டிக்கொண்டது. கயிறு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று பேரும் கரையில் இருந்தார்கள். கயிற்றைப் பிடிக்கவில்லை. முகத்தை இறக்கி, இருந்ததை எல்லாம் ம்ம் என்று விட்டேன். இடப்பக்கம் திரும்பினேன். காற்று உள்ளே போனது. அதற்குப் பிறகு எதையும் நினைக்கவில்லை. சுவர் கையில் தட்டியது.

மூன்றாவது வந்தோம். எங்களுக்குப் பின்னாலும் அணிகள் இருந்தன.

முதலாளியம்மா ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டார். "நீங்க நின்னறக் கூடாதுன்னு நான் வேண்டாத சாமி இல்லீங்க" என்றார். தூத்துக்குடிப் பெண் அழுதாள்.

வீட்டுக்காரர் துண்டைக் கொடுத்தார்.

"ஏம்புள்ள, மூஞ்சியவே தூக்கல. இருக்கறயா போயிட்டயான்னு ஒண்ணும் தெரியல."

"குமிழி வந்துதுங்கல்ல?"

"அது வந்துட்டே இருந்துது."

"அப்பறம் என்னங்க."

திங்கட்கிழமை மெடலை டிபன் பையில் வைத்துக் கொண்டுபோனேன். பக்கத்து மெஷின்காரி பிடுங்கி, அவளுக்கு அடுத்தவளிடம் கொடுத்தாள். பண்டல் போகிற மாதிரி மெஷின் மெஷினாக லைன் முழுக்கப் போய், கடைசியில் தைத்ததைச் சோதிக்கிற செக்கிங் டேபிளுக்கு வந்தது. அங்கே இருக்கிற அக்கா லைட்டுக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பிசிறு இல்லீங்க. பாஸ்" என்று சத்தமாகச் சொன்னார்.

லைனே கை தட்டியது. அன்றைக்கு முழுக்க மெடலை என் மெஷினின் நூல் ஸ்டாண்டில் தொங்கவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் ரிப்பனில் பஞ்சு. மெஷினுக்கு ஏர் அடித்த கையோடு அதற்கும் ஒரு அடி அடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான்.