ஆயுத பூஜை பெயிண்டும் டிரெய்லர் விளக்கும்

என் வீட்டுக்காரருக்குப் புனே பக்கம் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை. அங்கே அசையாமல் நிற்கிற எதற்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆயுத பூஜை நெருங்கினால் கேட், தண்ணீர்க் குழாய், பைக்குக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன டிரெய்லர் என்று எல்லாவற்றுக்கும் பச்சை எனாமல் பூசுவார்.

அந்த டிரெய்லரை நம்பித்தான் எங்கள் இட்லி மாவு வியாபாரம். நான் அரைத்து வைப்பதை, சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்ததும் கட்கி பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். வழியெல்லாம் லாரி.

போன வருஷம் பூஜை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியைக் கிளப்பினால், டிரெய்லரின் பின்விளக்கு அழுதுவடிந்தது. பிரேக் பிடித்தால் இன்னும் மங்கியது. பைக் விளக்குகளில் ஒரு குறையும் இல்லை. பல்பை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். மெக்கானிக் டிரெய்லருக்குப் போகும் வயரையே புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மாற்றாமல் மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

ஒருநாள் திரும்பி வந்தவர் முகமே சரியில்லை. துருவிக் கேட்டபிறகு சொன்னார். பின்னால் வந்த லாரிக்கு டிரெய்லர் கண்ணில் படவில்லையாம், ஒரு முழம் இடைவெளியில் நின்றதாம், டிரைவர் இறங்கிவந்து இந்தியில் கிழித்துத் தொங்கவிட்டானாம். மாவும் வேண்டாம், வியாபாரமும் வேண்டாம் என்றேன். கடைக்காரர்கள் காத்திருப்பார்கள், நாளைக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் சொன்னபடியே என் பழைய ஜாக்கெட்டைக் கிழித்துப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வந்த கோபத்தில், டிரெய்லர் கழன்று ஓடாமலிருக்க அதில் பற்றவைத்திருக்கும் சங்கிலியின் மறுமுனையைத் தூக்கி வீசினேன். அது பைக்கின் சைலன்சர் மேல் போய் விழுந்தது. மங்கிக் கிடந்த பின்விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சங்கிலியை எடுத்தால் மங்கல், வைத்தால் வெளிச்சம். இரண்டு மூன்று முறை செய்துபார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் டிரெய்லருக்குத் தனி எர்த் வயர் கிடையாது. விளக்குக்குப் போன கரண்ட் இரும்பைத் தொட்டுத் தொட்டுத்தான் பைக்குக்குத் திரும்ப வேண்டும். இவரோ பைக்கும் டிரெய்லரும் சேரும் கொக்கி, பைக்கில் சங்கிலி மாட்டும் வளையம் எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் அடித்திருந்தார். எங்கோ ஒரு கீறல் வழியாகத்தான் அந்த அழுமூஞ்சி வெளிச்சமே வந்திருக்கிறது. சங்கிலிக்கு வரும்போது டப்பா காலியாகிவிட்டதாம்.

"சாமிக்குன்னுதாண்டி அடிச்சேன்."

"சாமி பாத்துக்கிச்சு. இப்ப சுரண்டுங்க."

உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தார். தனியாக ஒரு எர்த் வயரும் இழுத்துக் கட்டினார். ஜாக்கெட் துணியை நானே அவிழ்த்தேன்.

அவர் கிளம்பியதும் கேட்டருகில் நின்று பார்த்தேன். மற்ற நாட்களில் வடாபாவ் விற்கும் தள்ளுவண்டியைத் தாண்டுவதற்குள் காணாமல் போகும் விளக்கு, அன்று ஹைவே திருப்பம்வரை சிவப்பாகத் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. திருப்பத்துக்குச் சற்று முன்னால் பிரேக் விளக்கு இரண்டு முறை எரிந்து அணைந்தது. அங்கே சிக்னலும் கிடையாது, ஸ்பீடு பிரேக்கரும் கிடையாது. நான் நின்று பார்ப்பேன் என்று அவருக்குத் தெரியும்.