மாற்று ஆள் வராத வேலை

இங்கே மாண்ட்ரியலில், மாலை ஐந்தரைக்கு அலுவலகத்துக்குள் பீட்சா வந்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். முதல் மாதம் ஓசிச் சாப்பாடு என்று மகிழ்ந்தேன். அட்டைப்பெட்டி வந்துவிட்டால் யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்பது பிறகுதான் புரிந்தது. இரு என்று வாய்திறந்து எவனும் சொல்லமாட்டான். வீடியோ கேம் செய்யச் சம்பளமா என்று ஊரிலிருந்து பொறாமைப்படுகிறீர்கள். ஏழு வாரமாக நான் ஞாயிற்றுக்கிழமையைக் கண்ணால் பார்க்கவில்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டினார். சங்கு ஊதும், அடுத்த ஷிப்ட் ஆள் ஏறி வந்து தோளைத் தட்டுவார், நைனா இறங்கிவிடுவார். மாற்று ஆள் வராமல் இறங்கக் கூடாது. வந்துவிட்டால் மேலாளரே மறித்தாலும் நிற்கமாட்டார்.

அந்த வளர்ப்புதான் என்னைக் கவிழ்த்தது. தங்கை கல்யாணத்துக்கு முன்கூட்டியே லீவு வாங்கி, டிக்கெட்டும் எடுத்திருந்தேன். கேமின் வெளியீடு தள்ளிப்போய்க் கல்யாண வாரத்திலேயே வந்து விழுந்தது. மேலாளர் மார்ட்டினிடம் போய், என் இடத்தில் யாரை உட்காரவைப்பீர்கள், வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். எங்கள் ஊரில் அது பொறுப்பான பேச்சு. அவன் நான் ராஜினாமா செய்வதாக நினைத்துக்கொண்டான்.

"முடிவதற்குள் போகிறவர்கள் பெயர் பட்டியலில் வராது, தெரியுமல்லவா?" என்றான்.

கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைச் சொன்னான். இரண்டு வருட உழைப்புக்கு அது ஒன்றுதான் சாட்சி, அடுத்த கம்பெனியிலும் அதைத்தான் பார்ப்பார்கள். நான் விளக்க விளக்க, பேரம் பேசுகிறேன் என்றே எடுத்துக்கொண்டான். எரிச்சல் தலைக்கேறியது. அதைவிட எரிச்சல், நான் பயந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்தது.

நைனாவிடம் போனில் சொன்னேன்.

"உன்ன மாத்திவுட ஒரு ஆளு கூடவா இல்ல அங்க?"

"இல்ல நைனா."

"இன்னா கம்பெனிடா அது? செரி, வுடு. பத்திரிகைல உம்பேரு அடிச்சாச்சு. வாசல்ல நின்னு வர்றவங்கள கூப்புட உன் சித்தப்பா பையன நிக்க வெச்சிக்கிறேன்."

கேம் வெளிவந்தது. ஓடிய பட்டியலில் என் பெயர் இரண்டு நொடி நின்றது. அதே வாரம் கல்யாணப் போட்டோக்களும் மின்னஞ்சலில் வந்தன. கவரைப்பேட்டை மண்டபத்து வாசலில் சித்தப்பா மகன் பன்னீர்ச் சொம்போடு சிரித்தபடி நிற்கிறான். எனக்கென்று எடுத்துவைத்த பட்டுச் சட்டைதான் போட்டிருக்கிறான். அவனுக்கு அது சரியாகவே பொருந்தியிருக்கிறது.