நடுக்கதிரையில் கேட்காத மிருதங்கம்

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறி வந்த பிறகுதான் என் கணவருக்கு அந்தச் சந்தேகம் பிடித்தது. கச்சேரி கசெட் போட்டால் மிருதங்கத்தின் இடப்பக்கத்துத் 'தொம்' சில நாட்களில் கேட்கிறது, சில நாட்களில் கேட்கவில்லை. பாட்டும் வயலினும் துல்லியமாக இருக்கும். அடியில் நிற்க வேண்டிய கனம் மட்டும் இராது.

செட்டில் ஏதோ பழுது என்று நான் நினைத்தேன். அவர் அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழை முழுக்கத் திருகிப் பார்த்தார். ஸ்பீக்கர்களைச் சுவரோடு தள்ளி வைத்தார். கசெட்டை மாற்றினார். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் கிடந்த கதிரையில் தலையைச் சரித்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "முதலும் கூப்பிட்டனீரோ?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஒரு ஞாயிறு சந்தைக்குப் போகும்போது, காலி வீதிச் சோதனைச் சாவடிக்கு வெகு முன்னாலேயே நின்று அடையாள அட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் எங்களைக் கூப்பிடவேயில்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அப்போதும் இவர் அசையவில்லை. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "என்னப்பா நடந்தது உங்களுக்கு?"

"என்ரை காது போகுது," என்றார். "ஊரிலை ஷெல் விழுந்த நேரம் இரைஞ்சதெல்லே, அது உள்ளுக்கை ஏதோ செய்துபோட்டுது. அவன் நில் எண்டு சொல்லி எனக்குக் கேக்காட்டி? ரெண்டாந்தரம் சொல்லுவானோ, சுடுவானோ?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் ஷெல் விழுந்த பிறகு அவர் நெடுநாள் காதைப் பொத்திக்கொண்டு திரிந்தவர். அது ஆறிவிட்டதென்று நம்பியிருந்தேன்.

கசெட்டைப் போட்டேன். "எழும்புங்கோ, நான் இருந்து பாக்கிறன்."

அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கும் 'தொம்' கேட்கவில்லை. சொன்னேன்.

"என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லுறீர்," என்றார்.

அவரையே மறுபடி இருத்திவிட்டு, சத்தத்தை ஒரு பக்கம் ஒதுக்கும் குமிழை இடது கரைக்குத் திருகினேன். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடியது. "கேக்குதே?"

"ஓம்."

வலது கரைக்குத் திருகினேன். அதிலும் 'தொம்' இருந்தது. குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் பாடவிட்டதும் அது போய்விட்டது.

அவர் எழும்பிவிட்டார். "இன்னொருக்காத் திருகும்."

மூன்று நான்கு தடவை திருகினேன். அவர் கதிரையை விட்டு, வழக்கமாகப் பாய் போட்டுப் படுக்கும் இடத்துக்குப் போய்க் குந்தினார். அது வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். இரண்டும் பாடும்போதும் அங்கே 'தொம்' நன்றாகக் கேட்டது. கதிரைக்கு வந்தால் இல்லை. சில நாள் கேட்டதும் சில நாள் கேட்காததும் எதனால் என்று அப்போதுதான் விளங்கியது.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் ஊர்ந்தார். வீடு மாறியபோது புது வயர் வாங்கி அவரே பூட்டியிருந்தார். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு முனைக்குப் போக வேண்டிய இழை கறுப்பில் இருந்தது.

"மாறிப் பூட்டியிருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு ஸ்பீக்கர் காத்தைத் தள்ளேக்கை மற்றது இழுக்குது. நடுவிலை ரெண்டும் அடிபட்டுப் போகுது. காதில்லையப்பா, வயர்!"

இழைகளை மாற்றிப் பூட்டிவிட்டு செட்டைப் போட்டார். பேஸ் குமிழ் உச்சத்தில் கிடந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். முதல் அடிக்கே ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காதைப் பொத்திக்கொண்டு, தெருவில் யாராவது இதைக் குண்டென்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"கீழை நோனா கூப்பிடுறா," என்றார் அவர்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் சத்தத்தைக் குறைத்த பிறகுதான், கீழ்வீட்டில் இருக்கும் சிங்கள வீட்டுக்காரி படிக்கட்டில் நின்று கத்துவது என் காதில் விழுந்தது.

"ஹரி நோனா, ஹரி!" என்று அவர் ஜன்னலால் எட்டிச் சிங்களத்தில் சரி சொன்னார். குரலில் சிரிப்பிருந்தது.