அரியாலைக்குப் போன கூறைச்சேலை

மானிப்பாயில் வீட்டிலிருந்தபடியே ஃபோனில் சேலை விற்கிறேன். "உங்கள் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு எங்களுடையது" என்று என் பக்கத்தில் நானே எழுதிப் போட்டிருந்தேன். ஆட்களைப் பிடிக்க எழுதியதுதான். பெரிதாக யோசிக்கவில்லை.

அரியாலையில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கூறைச்சேலை எடுத்தார்கள். பார்சல் கொண்டுபோன பொடியனுக்கு ஒழுங்கைக்குள் வீடு பிடிபடவில்லை. மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறான். "உள்ளுக்கு வாங்கோ தம்பி, பந்தல் போட்ட வீடு" என்று அவர் வழி சொல்லியிருக்கிறார். அன்று விடிய அதே ஒழுங்கையில் ஒரு சாவு. அங்கேயும் பந்தல் போட்டாயிற்று. அவன் முதலில் கண்ட பந்தலுக்குள் நுழைந்து, வாசலில் நின்ற யாரிடமோ கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிரேதம் கிடத்தியிருந்த அறையில் மத்தியானம் வரை கிடந்தது கலியாணக் கூறை.

உறைகூடக் கிழியவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையின் தாய் அதைத் தொட மறுத்துவிட்டார்.

"சேலைக்கு ஒண்டும் நடக்கேல்லையே அக்கா. வழி சொன்னது உங்கடை மகள்தானே?" என்றேன்.

"எங்கடை கைக்கு வரேல்லைத் தங்கச்சி. வரமுதல் அது உங்கடை சாமான் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்? செத்தவீட்டுக்குப் போனதும் உங்கடை சேலைதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்சல்காரர்களோ கையெழுத்தைக் காட்டிக் கைகழுவிவிட்டார்கள். வேறொரு கூறையை அனுப்பிவைத்தேன். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; துடக்கு, தீட்டு என்று பார்க்காதவர்கள். இந்தக் காலத்திலும் இப்படியா என்று வீட்டில் நாள் முழுக்கப் பொரிந்து தள்ளினேன்.

திரும்பி வந்த பார்சலை விறாந்தைக் கதிரையிலேயே விட்டிருந்தேன். மற்றச் சேலைகளோடு அலுமாரியில் வைக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதைக் கடந்து போகும்போதெல்லாம் சற்று விலகியே நடந்தேன்.

ஒரு பின்னேரம் உள்ளே வந்தால், என் மகள் உறையைப் பிரித்துக் கூறையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த மாதம் தேவாலயத்தில் அவளுக்குக் கலியாணம்.

"சும்மாதானே கிடக்குதம்மா. வரவேற்புக்கு இதையே கட்டுறன். எங்களுக்கு உதுகள் இல்லைத்தானே?"

"கழட்டு! கழட்டடி அதை!"

அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. பாய்ந்துபோய் நானே அதை அவள் தோளிலிருந்து உருவினேன்.

"என்னம்மா, சேலைக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்றாள்.